லினக்ஸுக்கு மாறும் மலையகப் பாடசாலைகள்: நுழைவுத் திரையையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் கொண்ட கணினிகளையே ஏற்கிறது. அட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பசறை எனப் பரந்து கிடக்கும் நமது தமிழ்மொழிப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களில் உள்ள கணினிகளிற் பல இந்தத் தகுதிக்கு வெகு தொலைவில் நிற்பவை. இதனால் பழைய மாணவர்களும் கணினித் துறையில் தொழில்புரியும் இளைஞர்களும் விடுமுறைக்கு ஊர் வரும்போது அக்கணினிகளில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் வகைகளான லினக்ஸ் மின்ட், சுபுண்டு, டெபியன் போன்றவற்றை நிறுவிக் கொடுக்கிறார்கள். மனமுவந்து பாராட்ட வேண்டிய பணி இது. ஆயினும் அவசரத்தில் ஒரு வேலை எல்லா இடத்திலும் விடுபட்டுப் போவதைக் காண்கிறேன். கணினியை இயக்கியதும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கும் நுழைவுத் திரையை அவர்கள் வந்தது வந்தபடியே விட்டுச் செல்கிறார்கள். அதைச் சற்று நேரம் செலவிட்டு ஒழுங்காக அமைத்தால் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய நன்மை பெரிது என்பதை அதிபர்களும் கல்வி அதிகாரிகளும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்போது பெரும்பாலான ஆய்வுகூடங்களில் நடப்பது இதுதான். கணினிக்கு ஒரே ஒரு கணக்கு இருக்கும். ஒன்றில் அது கடவுச்சொல் கேட்காமலே தானாகத் திறந்துகொள்ளும். அல்லது கடவுச்சொல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். தரம் 6 தொடக்கம் உயர்தரம் வரை அனைவரும் அதற்குள்ளேயே புழங்குவார்கள். சென்ற தவணையில் தரம் 10 மாணவி ஒருவர், தன் தாயார் நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறையைக் கிலோவில் பதிந்து, மழை நாட்களில் அது எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் விரிதாள் ஒன்றைத் தயாரித்திருந்தார். வரைபும் சேர்த்து அழகாக முடித்திருந்த அந்தக் கோப்பு, அடுத்த பாடவேளையில் வந்த வேறு வகுப்பினர் தங்கள் வேலையை அதே பெயரில் சேமித்தபோது அழிந்து போனது. அந்தப் பிள்ளைகளை நான் குறை கூற மாட்டேன். அவர்களுக்கெனத் தனி இடம் எதையும் நாம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை.

லினக்ஸில் இந்த நுழைவுத் திரை இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்த பகுதி அன்று. டிஸ்பிளே மனேஜர் எனப்படும் தனியான மென்பொருள் ஒன்றின் பொறுப்பு அது. இவ்வகையில் முன்னோடியான எக்ஸ்டிஎம் 1988 இல் எக்ஸ் விண்டோ முறைமையுடன் வெளிவந்தது. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய சூழலில் உருவானதால், வருபவர் யார் எனக் கேட்டு அவரவர் இடத்துக்கு அவரவரை அனுப்பும் இயல்பு அதற்கு அன்றே அமைந்துவிட்டது. நமது ஆய்வுகூடங்களின் நிலையும் இன்று அதுவேயாதலால், அந்த இயல்பை முடக்கிவிட்டுத் தானாகத் திறக்கும்படி வைப்பது கையிலிருக்கும் வசதியை வீணாக்குவதாகும்.

நுழைந்த பின்னர் நாம் வேலை செய்யும் திரைச்சூழலைப் பணித்தளம் என்பர். இன்று புழக்கத்தில் உள்ள டிஸ்பிளே மனேஜர்களுள் க்னோம் பணித்தளத்துக்கு ஜிடிஎம், கேடிஈ பிளாஸ்மாவுக்கு எஸ்டிடிஎம், இலகுவான பணித்தளங்களுக்கு லைட்டிஎம் என்பன முக்கியமானவை. பரவலான மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டு 2011 இல் வெளிவந்த 11.10 பதிப்பில் லைட்டிஎம்முக்கு மாறி, 2017 இல் 17.10 பதிப்பில் மீண்டும் ஜிடிஎம்முக்கே திரும்பியது. ஆனால் மின்ட்டும் சுபுண்டுவும் லைட்டிஎம்மையே பயன்படுத்துகின்றன. ஜிடிஎம் தனது நுழைவுத் திரைக்காக க்னோம் பணித்தளத்தின் பெரும்பகுதியையே இயக்குவதால், நினைவகம் குறைந்த பழைய கணினி அங்கேயே திணறத் தொடங்கிவிடும். எனவே நமது ஆய்வுகூடங்களுக்கு ஏற்றது லைட்டிஎம் என்பதே என் உறுதியான கருத்து. அதன் திரையை வரைவது கிரீட்டர் எனப்படும் வேறொரு சிறு நிரலாகும். அந்நிரல் நிர்வாகி அதிகாரம் எதுவுமற்ற தனிக் கணக்கொன்றிலிருந்து இயங்குகிறது. கடவுச்சொல் சரியா என்பதை அது தானே தீர்மானிப்பதில்லை. லைட்டிஎம் வழியாக முறைமையின் சரிபார்ப்புப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறது.

முதலாவதாக நான் வலியுறுத்த விரும்புவது பெயரைப் பற்றியது. லினக்ஸில் ஒரு கணக்கின் பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அமைவதே பாதுகாப்பானது. ஆனால் அதே கணக்குக்கு முழுப்பெயர் என்ற இன்னொரு பகுதியும் உண்டு. நுழைவுத் திரை பட்டியலில் காட்டுவது அந்த முழுப்பெயரையே. அதைத் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை. தலைப்பெழுத்தும் புள்ளியும் வரலாம். காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் மட்டும் வரக்கூடாது. பிறப்புச் சான்றிதழிலும் தோட்டப் பதிவேட்டிலும் பெயர் சிதைந்து பதிவானதால், அடையாள அட்டைக்கும் சேமலாப நிதிக்கும் அலைந்து களைத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். தரம் 6 இல் முதன்முறையாகக் கணினியின் முன் அமரும் ஒரு பிள்ளை, தன் பெயர் தன் மொழியில் பிழையின்றித் திரையில் இருப்பதைக் கண்டு அதைத் தெரிவுசெய்து உள்ளே செல்வது சிறிய விடயம் அன்று. அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. பெயரை ஒருமுறை கவனமாகத் தட்டெழுதினால் போதும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தமிழ் எழுத்துருக்களில் ஒன்றேனும் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயருக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வரிசையாகத் தோன்றும்.

மொழியும் அவ்வாறே. லினக்ஸில் இலங்கைத் தமிழுக்கெனத் தனியான வட்டார அமைப்பு இருக்கிறது; அதனைத் தெரிவுசெய்தால் திகதியும் நாணயமும் இந்நாட்டு வழக்கப்படி அமையும். கணினிக்குப் பொதுவான மொழியாகத் தமிழை வைத்துவிட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் வேறு மொழி வேண்டுமானால் மொழிப்பட்டியலை நுழைவுத் திரையின் மேற்பட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். சிங்களமொழி மூலம் கற்பிக்கும் சக ஆசிரியர் ஒருவர் அதே கணினியில் அமரும்போது அவருக்குச் சிங்களத்திலும், ஆங்கிலத்தில் பழகிய இன்னொருவருக்கு ஆங்கிலத்திலும் பணித்தளம் திறக்கும். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. அரசாங்கப் பாடசாலையின் கணினி, ஆங்கிலத்தில் மட்டுமே வரவேற்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மொழிபெயர்ப்பு இன்னும் செய்யப்படாத வரிகள் ஆங்கிலத்திலேயே தோன்றும் என்பது உண்மைதான். அந்த மொழிபெயர்ப்புகள் தன்னார்வலர்களால் செய்யப்படுபவை. நமது உயர்தர மாணவர்களும் கல்வியியற் கல்லூரி ஆசிரிய மாணவர்களும் அவற்றுக்குக் கைகொடுக்கலாம்.

தமிழை அமைக்கும்போது விசைப்பலகையில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கத் தவறக்கூடாது. பட்டியலில் தமிழ் விசைப்பலகை முதலாவதாக இருந்தால் நுழைவுத் திரையிலும் அதுவே செயற்படும். கடவுச்சொற் பெட்டியில் எழுத்துகளுக்குப் பதிலாகப் புள்ளிகளே தெரிவதால், பிள்ளை ஆங்கில எழுத்து என நினைத்து அழுத்துவது தமிழ் எழுத்தாகப் பதிவாவது யாருக்கும் தெரிய வராது. சரியான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டும் கணினி மறுப்பதாகத் தோன்றும் முறைப்பாடுகளில் கணிசமானவை இதனால் வருபவையே. ஆங்கில விசைப்பலகையை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்து, தற்போது எது செயற்படுகிறது என்பதைக் காட்டும் குறியைத் திரையின் மேற்பட்டையில் இடுவதே சரியான வழி. தமிழ் 99 அமைப்பு லினக்ஸுடனேயே வருகிறது. அரச அலுவலகங்களில் பழகிய ரெங்கநாதன் அமைப்பு வேண்டுவோர் அதனைப் பணித்தளத்துக்குள் சென்ற பின்னர் உள்ளீட்டு முறையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாடசாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கையில் எல்லோருக்கும் எல்லாக் கணினிகளிலும் கணக்குத் திறக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது, தேவையும் இல்லை. கீழ் வகுப்புகளுக்குத் தரத்துக்கு ஒரு கணக்கு வைத்து, தரம் 10 முதல் செயற்றிட்டம் செய்யும் மாணவர்களுக்கு மட்டும் அவர்கள் வழமையாக அமரும் கணினியில் தனிக் கணக்குக் கொடுத்தால் போதும். மாணவர் கணினிகளில் பெயர்ப் பட்டியல் தெரிய வேண்டும். அதிபரின் அலுவலகக் கணினியிலோ, புள்ளிப் பதிவுகள் உள்ள கணினியிலோ யார் யாருக்குக் கணக்கு உண்டு என்பதை வருபவர் எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. அங்கே பட்டியலை மறைத்துப் பயனர் பெயரையும் தட்டெழுதும்படி அமைப்பது நல்லது. டெபியனில் லைட்டிஎம் இயல்பாகவே பட்டியலை மறைத்து வைக்கிறது. சுபுண்டுவில் அது தெரிகிறது. எது வேண்டுமோ அதை லைட்டிஎம்மின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மாற்றலாம். பெயருக்கு அருகே தோன்றும் படமாகப் பிள்ளைகளின் முகங்களை இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூவோ பறவையோ போதுமானது. அந்தப் படத்தைப் பிள்ளையின் சொந்தக் கோப்புறையில் வைத்தால், 21.04 பதிப்பு முதலான உபுண்டு வகைகளில் அது தோன்றாது. அக்கோப்புறைகள் பிறருக்கு மூடப்பட்டிருப்பதால் நுழைவுத் திரை நிரலால் அதற்குள் பார்க்க இயலாது. பின்னணிப் படத்துக்கும் இதே விதிதான். பொதுவான படங்களுக்குரிய அடைவில் வைத்தால் சிக்கலில்லை.

கடவுச்சொல் இன்றி யாரும் நுழைந்து, வெளியேறியதும் எல்லாம் அழிந்துவிடும் விருந்தினர் அமர்வு ஒன்று உபுண்டுவின் லைட்டிஎம்மில் இருந்தது. பாடசாலைக்கு மிகப் பொருத்தமானது எனப் பலரும் அதையே தேடுகிறார்கள். ஆனால் அந்த அமர்விலிருந்து மற்றவர்களின் கோப்புறைகளைப் பார்க்க முடியும் என்ற குறைபாடு உபுண்டு 16.10 இலும் அதன் பின்னரும் கண்டறியப்பட்டு, 2017 இல் அது இயல்புநிலையில் முடக்கப்பட்டது. அதை மீண்டும் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக விருந்தினர் என்ற பெயரில் சாதாரணக் கணக்கொன்றை உருவாக்கி, அதற்குள் ஒருவர் நுழையும் ஒவ்வொரு முறையும் அதன் கோப்புறை தூய நிலைக்குத் திரும்பும்படி ஒரு சிறு கட்டளைத் தொகுப்பை லைட்டிஎம்மின் அமர்வுத் தொடக்க வரியில் இணைக்கலாம். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. லைட்டிஎம் அந்தத் தொகுப்பை நிர்வாகியின் அதிகாரத்துடன், நுழைபவர் யாராக இருந்தாலும் இயக்கும். எனவே நுழைபவர் விருந்தினர்தானா என முதல் வரியிலேயே சோதிக்காவிட்டால் எல்லாப் பிள்ளைகளின் வேலையும் துடைத்தெறியப்படும். தொகுப்பு பிழையுடன் முடிந்தால் அமர்வு திறக்காமல் நுழைவுத் திரைக்கே திரும்பிவிடும் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

நுழைவுத் திரைக்கே திரும்புதல் என்றதும், ஆசிரியர்களைப் பெரிதும் கலங்கச் செய்யும் ஒரு கோளாற்றை விரிவாகக் கூற வேண்டும். கடவுச்சொல் சரியாக இருக்கும். திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். தவறான கடவுச்சொல் என்ற செய்தி வராது. இதைக் கண்ட தொழில்நுட்பவியலாளர் ஒருவர், இயங்குதளம் பழுதடைந்துவிட்டது எனக் கூறி வன்தட்டை முழுமையாக அழித்து மீள நிறுவிய சம்பவம் நம் பகுதிப் பாடசாலை ஒன்றில் நடந்தது. ஒரு தவணைக்கான பிள்ளைகளின் வேலை அதோடு போயிற்று. உண்மையில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு. காணொளிகளால் வன்தட்டு நிரம்பி, அமர்வைத் தொடங்குவதற்கான சிறு கோப்பைக்கூட எழுத இடமில்லாமற் போவது ஒன்று. பயனரின் கோப்புறையில் எக்ஸ்-ஆத்தோரிட்டி என்ற மறைவான கோப்பு, யாரோ நிர்வாகியாக நின்று செய்த வேலையால், நிர்வாகிக்கு உரித்தானதாக மாறிவிடுவது மற்றையது. கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் கட்டளைகளைத் தட்டெழுதும் எழுத்துவடிவ முனையம் திறக்கும். அங்கே நிர்வாகியாக நுழைந்து, இடம் எவ்வளவு மீதியுள்ளது எனப் பார்த்துத் தேவையற்றதை நீக்கலாம்; அல்லது அந்தக் கோப்பை அழிக்கலாம், அடுத்த நுழைவின்போது அது சரியான உரிமையுடன் தானாக உருவாகும். சில நிமிடங்களில் முடியும் வேலை இது. அந்த முனையத்தில் தமிழ் எழுத்துகள் தெரியா. ஆதலால் நிர்வாகிக் கணக்கின் மொழியை மட்டும் ஆங்கிலமாகவே வைத்திருப்பது நடைமுறைக்கு உகந்தது.

இன்னொரு சிறு விடயம். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் மின்கலம் செயலிழந்திருந்தால், மின்சாரம் நின்று வரும்போது கணினியின் நேரம் பின்தங்கிவிடும். நமது பகுதிகளில் காற்றுக்கும் மழைக்கும் மின்சாரம் அடிக்கடி நின்று வருவதை நான் சொல்லத் தேவையில்லை. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். ஆசிரியரோ இணைய இணைப்பில் குறை என எண்ணி நேரத்தைத் தொலைப்பார். லைட்டிஎம்மின் கடிகாரம் ஆண்டு, மாதம், திகதி ஆகியவற்றையும் காட்டும்படி அமைத்துவிட்டால், கணினியை இயக்கும்போதே பிழை கண்ணில் படும்.

மாற்றங்களைச் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். லைட்டிஎம்மின் முதன்மை அமைப்புக் கோப்பைத் தொடாமல், அதற்கென உள்ள துணை அடைவில் பாடசாலைக்கெனத் தனிக் கோப்பொன்றை வைப்பதே நேர்த்தியானது. ஆயினும் முதன்மைக் கோப்பு கடைசியாகவே வாசிக்கப்படுகிறது. ஆகையால் அதில் முரணான வரி இருந்தால் அதுவே வெல்லும். பழைய வழிகாட்டிகளில் காணப்படும் சீட்-டிஃபோல்ட்ஸ் என்ற தலைப்பு வழக்கொழிந்துவிட்டது. இப்போது சீட் என்ற சொல்லையடுத்து முக்காற்புள்ளியும் நட்சத்திரக் குறியும் இட்ட தலைப்பின் கீழ்தான் வரிகள் எழுதப்பட வேண்டும். எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதை லைட்டிஎம்மிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் கட்டளையும் உண்டு. கணினியை மீள இயக்குமுன் எழுத்துவடிவ முனையத்தில் நிர்வாகியாக நுழைய முடிகிறதா எனச் சோதித்துக்கொள்ளுங்கள். கிரீட்டரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் நுழைவுத் திரை வராமற் போகலாம்.

வலயக் கல்வி அலுவலகங்களிடம் என் வேண்டுகோள் இது. மேலே கூறிய அமைப்புகள் யாவும் சில வரிகள் கொண்ட ஓரிரு எழுத்துக் கோப்புகளில் அடங்கிவிடும். ஒரு முறை சரியாக உருவாக்கி, சோதித்து, யூ.எஸ்.பி விரலி ஒன்றில் பதிந்து கொடுத்தால் பொகவந்தலாவையிலும் இராகலையிலும் அப்புத்தளையிலும் உள்ள ஆசிரியர்கள் தாமே அதைத் தம் கணினிகளில் இட்டுக்கொள்வர். ஒவ்வொரு வலயத்திலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியர்கள் இருவரையோ மூவரையோ இதற்குப் பொறுப்பாக்கி, அடுத்த தவணை விடுமுறையில் ஒருநாள் செயலமர்வு ஒன்றை நடத்தினால் போதும். லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் இளைஞர்களும், வேலை முடிந்து புறப்படுமுன், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியரிடம் வாங்கி முழுப்பெயர்களைத் தமிழில் இட்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லை அதிபரிடம் மூடிய உறையில் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டலை அந்தந்தப் பிள்ளையிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும்படியும் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.